கட்டு அவிழ்ந்ததும் இரத்தம் என்ன செய்கிறது?

எங்கள் புதியம்புத்தூரில் நூலுக்குப் பஞ்சமில்லை. தெருவுக்குத் தெரு தையல் இயந்திரம் ஓடும் ஊர் இது. ஆயத்த ஆடைகள் இங்கிருந்து மூட்டை மூட்டையாக வெளியூர்களுக்குப் போகின்றன. நீங்களும் ஒரு முழ நூலை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கைச் சுட்டுவிரலின் அடியில் நாலைந்து சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போடாமல், நுனியை இழுத்துப் பிடித்தபடி மனத்துக்குள் அறுபது வரை எண்ணுங்கள். விரல் நுனி முதலில் கருஞ்சிவப்பாகும். பிறகு நீலம் பாயும். தொட்டால் சற்றுக் குளிரும். இப்போது நூலை விட்டுவிடுங்கள். இரண்டொரு விநாடிகளில் விரல் சிவந்து, சூடேறி, 'விண் விண்' என்று துடிக்கும். பக்கத்து விரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டுப்படாத விரலைவிடக் கட்டுப்பட்ட விரல்தான் அதிகச் சிவப்பாக இருக்கும். சிறிது நேரத்தில் இரண்டும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். (அறுபது எண்ணிக்கை போதும். ஆர்வ மிகுதியால் கால் மணி நேரம் கட்டி வைக்க வேண்டாம். ஏன் கூடாது என்பதைப் பின்னால் பார்ப்போம்.)

அடைத்ததை நீக்கினால் பழைய ஓட்டம் திரும்ப வேண்டும், அது இயல்பு. ஆனால், பழைய அளவைத் தாண்டி ஓடுவானேன்? வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் மாணவர்கள் உடனே ஒரு பதில் சொல்வார்கள்: "கண்மாய் மடையை அடைத்து வைத்தால் தண்ணீர் பின்னால் தேங்கும் அல்லவா? திறந்ததும் குபீரென்று பாயும். அதுபோலத்தான் சார்!" கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்கு மடையும் கண்மாயும்தான் முதலில் நினைவுக்கு வரும். உவமை அழகானதுதான், ஆனால் பொருந்தாது. கட்டுக்கு மேலே இரத்தம் தேங்கி நிற்பதில்லை. ஒரு விரலுக்குப் போகும் வழி அடைபட்டால் அந்த இரத்தம் மற்ற கிளைகளில் போய்விடும். தமனியில் உள்ள அழுத்தமும் குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை. தள்ளுகிற விசை கூடவில்லை, ஆனால் ஓட்டம் பல மடங்கு கூடிவிட்டது என்றால், ஓட்டத்துக்கு இருந்த தடை குறைந்திருக்க வேண்டும். ஆக, மாற்றம் கட்டுக்கு மேலே நிகழவில்லை. கட்டுக்குக் கீழே, பட்டினி கிடந்த பகுதியில் நிகழ்ந்திருக்கிறது.

கட்டுப் போட்டுக் கண்ட உண்மை

கையில் கட்டுப் போட்டு இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தவர்களில் தலையாயவர் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி. இரத்தம் உடலில் சுற்றி வருகிறது என்பதை நிறுவி அவர் எழுதிய நூல் 1628ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று மிக எளியது. மேல்கையில் நன்றாக இறுக்கிக் கட்டினால் மணிக்கட்டில் நாடி நின்றுவிடும்; கை குளிர்ந்து போகும்; ஆனால் வீங்காது. கட்டைச் சற்றே தளர்த்தினால் நாடி திரும்பும். கையும் சிவந்து வீங்கும். சிரைகள் கயிறு போலப் புடைத்து நிற்கும். முழுவதும் அவிழ்த்துவிட்டால் வீக்கம் வடிந்துவிடும்.

இதன் பொருள் என்ன? தமனிகள் உள்ளே ஆழமாக, தடித்த சுவரோடு, உயர்ந்த அழுத்தத்தில் இருப்பவை. சிரைகளில் பல தோலை ஒட்டி, மெல்லிய சுவரோடு, தாழ்ந்த அழுத்தத்தில் இருப்பவை. இறுக்கிய கட்டு இரண்டையும் அடைக்கிறது. தளர்ந்த கட்டு சிரையை மட்டும் அடைக்கிறது. அதனால் இரத்தம் உள்ளே வருகிறது; வெளியே போக வழியில்லை. தமனி வழியே வந்து சிரை வழியே திரும்புகிறது இரத்தம் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா? நம் நூல் சோதனையில் விரல் வெளுக்காமல் கருஞ்சிவப்பானதற்கும் காரணம் இதுவே. சிரை முதலில் அடைபட்டது. தமனி பிறகுதான் அடைபட்டது.

இதே தத்துவத்தை வைத்து 1909இல் அமெரிக்காவில் ஹியூலெட், வான் சுவாலுவென்பர்க் என்ற இருவர் கையில் ஓடும் இரத்தத்தை அளக்க வழி கண்டனர். இரத்த அழுத்தம் பார்க்கும் காற்றுப்பட்டையை மேல்கையில் சுற்றி, பாதரச அளவில் 50 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக அழுத்தம் தருவார்கள். சிரை மூடிக்கொள்ளும், தமனி திறந்தே இருக்கும். அப்போது முன்கை எவ்வளவு வேகமாகப் பருக்கிறதோ அதுதான் உள்ளே வரும் இரத்தத்தின் வேகம். பானைக்குள் நீர் நிறையும் வேகத்தைப் பார்த்துக் குழாயின் ஓட்டத்தைச் சொல்வது போல!

இம்முறையில் அளந்தால், ஓய்வாக இருக்கும் முன்கையில் 100 மில்லிலிட்டர் திசுவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 4 மில்லிலிட்டர் இரத்தம்தான் வருகிறது. ஐந்து நிமிடம் ஓட்டத்தை அறவே நிறுத்திவிட்டுத் திறந்தால் முதல் விநாடிகளில் அது 20 மில்லிலிட்டரையும் தாண்டும். ஏறக்குறைய பத்து மடங்கு! பிறகு படிப்படியாகக் குறைந்து சில நிமிடங்களில் பழைய நிலையை அடைகிறது.

கடன் வசூல்

இந்த மிகை ஓட்டத்தை முறையாக ஆராய்ந்தவர்கள் லண்டனில் பணியாற்றிய சர் தாமஸ் லூயிஸ், ரொனால்ட் கிராண்ட் ஆகியோர். அவர்கள் கட்டுரை 1925இல் வெளிவந்தது. எவ்வளவு நேரம் ஓட்டத்தை நிறுத்துகிறோமோ அதற்கேற்பப் பின்னர் மிகை ஓட்டம் நீடிக்கிறது. கொடுக்காமல் விட்ட கூலியைச் சேர்த்துக் கொடுப்பது போன்றது இது. (கணக்கு எப்போதும் காசு சுத்தமாகப் பொருந்துவதில்லை, சில உறுப்புகளில் வட்டியும் சேர்ந்துவிடுவதுண்டு.)

'இன்ன விரலுக்கு இன்ன அளவு பாக்கி' என்று கணக்கெழுதும் அந்தக் கணக்குப்பிள்ளை யார்? மூளையா? இல்லை. நரம்புத் தொடர்பு அற்றுப்போன கையிலும் இதே மிகை ஓட்டம் ஏற்படுகிறது. எனவே கணக்கு அந்தந்த இடத்திலேயே எழுதப்படுகிறது.

இங்கே இயற்பியல் உள்ளே வருகிறது. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர்கள் நுண்துளைக் குழாய் ஒன்றின் வழியே தண்ணீரைச் சொட்டவிட்டு அதன் பாகுநிலையைக் காண்பார்கள். அதற்குப் பயன்படும் விதியைத் தந்த புவாஸே ஒரு மருத்துவர்; நுண்ணிய இரத்தக் குழாய்களில் இரத்தம் எவ்வாறு ஓடுகிறது என்று அறிய விரும்பியே 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு சோதனைகள் செய்தார் அவர். குழாயின் ஆரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்கும் ஆவதில்லை, பதினாறு மடங்காகிறது. ஆரத்தின் நாலாம் படிக்கு ஏற்ப ஓட்டம் கூடும் என்பது விதி. அதனால்தான் ஆய்வகத்தில் ஆரத்தை அளக்கும்போது மட்டும் மாணவர்களை நாங்கள் அவ்வளவு விரட்டுகிறோம். நூற்றுக்கு ஒன்று அங்கே பிசகினால் விடையில் நூற்றுக்கு நான்கு பிசகும்!

உடலுக்கு இது பெரும் வசதி. ஓட்டத்தை இரட்டிப்பாக்க வேண்டுமா? நுண்தமனிகளின் ஆரம் நூற்றுக்கு இருபது பங்கு கூடினால் போதும். பத்து மடங்காக்க ஆரம் இரண்டு மடங்குகூட ஆக வேண்டியதில்லை, 1.8 மடங்கு ஆனால் போதும். இரத்தம் தண்ணீரைப் போன்ற எளிய திரவம் அன்று. குழாய்களும் கண்ணாடி போல விறைப்பானவை அல்ல. ஆகவே இக்கணக்கைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். ஆனாலும் போக்கு இதுதான்.

நுண்தமனியின் சுவரைச் சுற்றி வளையம் வளையமாக மென்தசை இருக்கிறது. அது எப்போதும் ஓரளவு சுருங்கியே இருக்கும். அதைத் தளர்த்தும் காரணங்கள் பல. இரத்தம் நின்றதும் அங்குள்ள திசுக்கள் கையிருப்பு ஆக்சிஜனைச் செலவழித்துவிடுகின்றன. கரியமில வாயு சேர்கிறது. அமிலம் சேர்கிறது. பொட்டாசியம், அடினோசின் முதலான பொருள்கள் செல்களிலிருந்து கசிகின்றன. ஓட்டம் இருந்தால் இவை உடனுக்குடன் அடித்துச் செல்லப்படும். ஓட்டம் இல்லாததால் அங்கேயே நின்று மென்தசையைத் தளர்த்துகின்றன. திசுவின் குப்பையே வாசற்கதவைத் திறந்துவைக்கும் ஏற்பாடு இது! கதவு திறந்து இரத்தம் பாய்ந்ததும் குப்பை அடித்துச் செல்லப்படுகிறது; கதவும் மெல்ல மூடிக்கொள்கிறது.

இன்னொரு காரணத்தை 1902இல் வில்லியம் பேலிஸ் எடுத்துக்காட்டினார். உள்ளிருந்து அழுத்தம் விரித்தால் நுண்தமனி எதிர்த்துச் சுருங்கும். அழுத்தம் குறைந்தால் தளரும். கட்டுப் போட்டதும் கீழே அழுத்தம் குறைகிறது. தளர்ச்சி அப்போதே தொடங்கிவிடுகிறது.

மூன்றாவது காரணம் நம் காலத்தில் தெரியவந்தது. இரத்தக் குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் செல்கள் வெறும் பூச்சு அல்ல. குழாயைத் தளர்த்தும் பொருளொன்றை அவை சுரக்கின்றன என்று 1980இல் ராபர்ட் பர்ச்காட் காட்டினார். அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது பின்னர் தெளிவாயிற்று. பர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. பாயும் இரத்தம் சுவரை உராயும்போது இந்த வாயு சுரக்கிறது. மேலே உள்ள பெரிய தமனியும் விரிகிறது. 1992 முதல் மருத்துவர்கள் இதைக் கொண்டே ஒரு சோதனை செய்கிறார்கள். கையில் பட்டையைக் கட்டி ஐந்து நிமிடம் இரத்தத்தை நிறுத்திவிட்டு, திறந்ததும் தமனி எவ்வளவு விரிகிறது என்று கேளா ஒலி அலைகளால் அளக்கிறார்கள். நலமான இளைஞருக்கு நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை விட்டம் கூடும். புகை பிடிப்பவர்களுக்கு இது குறைந்து காணப்படுகிறது. நோய் எதுவும் வெளியே தெரியாத வயதிலேயே குறைந்துவிடுகிறது!

மரத்துப்போவது வேறு

சம்மணமிட்டு நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போகிறது. பிறகு எறும்பு ஊர்வது போலக் குறுகுறுக்கிறது. 'இரத்த ஓட்டம் நின்றுவிட்டது' என்போம். பெரும்பாலும் உண்மை அதுவன்று. அப்போது பாதத்தைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாகவே இருக்கும். நாடியும் இருக்கும். அங்கே நசுங்கியது நரம்பு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், எலும்பை ஒட்டித் தோலுக்கு அருகிலேயே ஒரு நரம்பு போகிறது. குத்துக்காலிட்டுக் களையெடுப்பவர்களுக்கு அது மணிக்கணக்கில் அழுந்துகிறது. பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கிப்போவதும் உண்டு. மேல்நாடுகளில் ஸ்ட்ராபெரிப் பழம் பறிக்கும் தொழிலாளரிடம் இதைக் கண்டு, அவர்கள் பெயராலேயே ஒரு வாதநோயாக இதைக் குறித்து வைத்தார்கள். உளுந்துக் காட்டிலும் மிளகாய்த் தோட்டத்திலும் குனிந்தும் குந்தியும் களையெடுக்கும் நம் பெண்களின் பெயரால் எந்த நோயும் குறிக்கப்படவில்லை. கால் மட்டும் அதேபோல்தான் மரத்துப்போகிறது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நின்று காலை உதறினால் நரம்பு பிழைத்துக்கொள்ளும்.

இரத்தத்தை மட்டும் நிறுத்தினால் மரத்துப்போக எவ்வளவு நேரமாகும் என்பதையும் லூயிஸ் குழுவினர் ஆராய்ந்து 1931இல் எழுதினர். மேல்கையில் பட்டையை இறுக்கினால், ஏறத்தாழக் கால் மணி நேரம் கழித்தே விரல் நுனிகளில் உணர்ச்சி மங்கத் தொடங்கி மேல் நோக்கி ஏறுகிறது. ஐந்தே நிமிடத்தில் கால் மரத்ததென்றால் இரத்தத்தின் மேல் பழி போடாதீர்கள்.

தையற்காரர்களின் கால் வீக்கம் இன்னொரு கதை. நிற்கும்போது இருதயத்துக்கும் பாதத்துக்கும் இடையே ஏறத்தாழ 1.2 மீட்டர் உயர இரத்தத் தம்பம் நிற்கிறது. இதன் எடையால் பாதச் சிரையில் பாதரச அளவில் 90 மில்லிமீட்டர் அழுத்தம் உண்டாகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி, அடிகுழாய் போல இரத்தத்தை மேலே தள்ளுவதால் இந்த அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். பழைய கால்மிதி இயந்திரம் தைத்ததோடு இந்த அடிகுழாயையும் ஓரளவு இயக்கியது. மோட்டார் பூட்டிய இயந்திரத்தில் பாதம் ஒரே இடத்தில் ஓய்ந்து கிடக்கிறது. மின்சாரம் தந்த சுகத்துக்குக் கால் கொடுக்கும் விலை!

சுற்றுப்பாதை

ஓட்டம் ஒரேயடியாக நிற்காமல், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தால் உடல் வேறொரு வழியைத் தேடுகிறது. எப்போதும்வென்றான் அருகே நான்குவழிச் சாலை அடைபட்டால் என்ன ஆகும்? வண்டிகள் ஓட்டப்பிடாரம் வழியாகச் சுற்றிப் போகும். நாள் கணக்கில் அப்படியே போனால் சிறு சாலையும் அகலப்படும். தமனியிலும் இதுவே. பெரிய தமனி குறுகும்போது பக்கக் கிளைகளில் ஓட்டம் மிகுகிறது. சுவரில் உராய்வு மிகுகிறது. அதைத் தாங்கும் அளவுக்கு அக்கிளைகள் வாரக்கணக்கில் வளர்ந்து பருக்கின்றன. 1785இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர், முழங்காலுக்குப் பின்னால் தமனி புடைத்து வெடிக்கும் நிலையில் இருந்த ஒரு வண்டிக்காரருக்குத் தொடையிலேயே தமனியைக் கட்டினார். அக்கால வழக்கப்படி காலை வெட்டி எடுக்கவில்லை. கால் பிழைத்தது, பக்கக் கிளைகள் காப்பாற்றிவிட்டன.

பீடி, சிகரெட் பழக்கத்தால் இளவயதிலேயே கால் தமனிகள் அடைபடும் நோயை 1908இல் லியோ பர்கர் விவரித்தார். இருநூறு அடி நடந்ததும் கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். வேலை செய்யும் தசை கேட்கும் அளவு இரத்தம் வராததே காரணம். வயது முதிர்ந்தும், சர்க்கரை நோயாலும் தமனி குறுகியவர்களுக்கும் இவ்வாறே கால் கவ்வும். இத்தகையோரை மருத்துவர்கள் தினமும் நடக்கச் சொல்கிறார்கள். வலி வரும்வரை நடந்து, நின்று, வலி தீர்ந்ததும் மறுபடி நடக்க வேண்டும். சில மாதங்களில் நடக்கும் தூரம் கூடுகிறது. பக்கக் கிளைகளும் தசையின் சிக்கனமும் சேர்ந்து தரும் பலன் இது. பர்கர் நோய்க்கு இதோடு ஒரு நிபந்தனை உண்டு: பீடியைக் குறைப்பது போதாது, அடியோடு விட்டாக வேண்டும்.

மணிக்கணக்கில் கட்டினால்

எலும்பு அறுவைக்காகக் கையிலோ காலிலோ பட்டை கட்டும் மருத்துவர்கள், பொதுவாக இரண்டு மணி நேரத்துக்குள் அதைத் தளர்த்திவிடுகிறார்கள். அதுவரை தசை பெருந்தீங்கின்றி மீள்கிறது. நான்கு மணி நேரத்தில் கேடு தெரியத் தொடங்குகிறது. ஆறு மணியைத் தாண்டினால் பெரும்பகுதி மீளாமல் போகலாம்.

வியப்பு என்னவென்றால், கேட்டின் ஒரு பகுதி இரத்தம் திரும்பும்போதுதான் நிகழ்கிறது. பட்டினி கிடந்த செல்களுக்குள் ஆக்சிஜன் திடீரென்று வரும்போது, எதையும் தாக்கும் இயல்புடைய ஆக்சிஜன் மூலக்கூறுகள் உண்டாகிச் செல் சுவர்களைச் சிதைக்கின்றன. நுண்ணிய தந்துகிகளின் சுவர் வீங்குகிறது. சிவப்பணுவின் விட்டம் ஏழெட்டு மைக்ரான். தந்துகி அதைவிடச் சற்றே குறுகியது. சிவப்பணு வளைந்து நெளிந்துதான் அதற்குள் போகிறது. சுவர் வீங்கினால் அந்த வழியும் அடைபடும். தமனி திறந்திருந்தும் தசைக்கு இரத்தம் சேராத நிலை அது. மேலும், காலின் தசைகள் நீளாத உறைகளுக்குள் இருக்கின்றன. தசை வீங்க, உறைக்குள் அழுத்தம் ஏறும். அது பாதரச அளவில் 30 மில்லிமீட்டரைத் தாண்டினால் தந்துகிகள் நசுங்கத் தொடங்கும். பாதத்தில் நாடி அடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கும். உறையை உடனே கீறிவிடுவதே அதற்குச் சிகிச்சை.

கேடு காலோடும் நிற்பதில்லை. 1941இல் லண்டன் மீது குண்டுவீச்சு நடந்த நாள்களில், இடிபாடுகளுக்குள் மணிக்கணக்காகக் கால் நசுங்கிக் கிடந்தவர்களை மீட்டார்கள். மீட்டபோது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் சில நாள்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். பைவாட்டர்ஸ், பீல் என்ற மருத்துவர்கள் அவ்வாண்டே இதை விவரித்தனர். செத்த தசையிலிருந்து வெளியான புரதம் சிறுநீரகத்தை அடைத்தது. அதே தசையிலிருந்து வரும் பொட்டாசியம் இருதயத் துடிப்பையே நிறுத்த வல்லது. கால் விடுபட்ட கணத்தில்தான் இவையெல்லாம் உடலுக்குள் புறப்படுகின்றன.

பாம்புக்கடியும் கயிறும்

இவ்வளவையும் எழுதியதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு காரணம் உண்டு. கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் எலி, எலியைத் தேடிப் பாம்பு. மழைக்காலத்தில் வெடிப்பு மூடிக்கொண்டால் அவை வரப்புக்கும் வீட்டோரத்துக்கும் வரும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குமே நம் மாநிலத்தில் உள்ளவை. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று 2020இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. யாரையாவது கடித்தால் முதலில் நடப்பது என்ன? களத்தில் கிடக்கும் கயிறோ, சேலைக் கிழிசலோ, சைக்கிள் டியூபோ எடுத்து, பலம் கொண்ட மட்டும் இறுக்கிக் கட்டுகிறோம்.

அந்தக் கயிறு எவ்வளவு அழுத்துகிறது? கணக்கு எளிது. கயிற்றின் இழுவிசையைக் காலின் ஆரத்தாலும் கயிற்றின் அகலத்தாலும் வகுத்தால் தோலின் மேல் விழும் அழுத்தம் கிடைக்கும். ஐந்து கிலோ எடையைத் தூக்கும் அளவு விசையோடு, அதாவது 50 நியூட்டனோடு, இழுத்துக் கட்டுவதாகக் கொள்வோம். கெண்டைக்காலின் ஆரம் 5 செ.மீ., கயிற்றின் அகலம் 5 மி.மீ. விடை: 2 லட்சம் பாஸ்கல். பாதரச அளவில் 1500 மில்லிமீட்டர்! தமனியை மூட 150 போதும். அதே இழுவிசையோடு 10 செ.மீ. அகலத் துணியைச் சுற்றினால் வருவது 75 மில்லிமீட்டர்தான். கயிற்றின் கடுமை ஆழத்தில் குறையும் என்பது உண்மையே. ஆனால் தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகள் அந்தக் கடுமையை முழுவதுமாக வாங்கிக்கொள்கின்றன.

இவ்வளவு வதைத்தும் பயனுண்டா? விரியன் நஞ்சு தசையை அரிப்பது. கட்டினால் அது ஒரே இடத்தில் தங்கி அந்த இடத்தையே தின்கிறது. இரத்தமும் இல்லாத காலுக்கு இரட்டைக் கேடு. நல்லபாம்பு, கட்டுவிரியன் நஞ்சோ நரம்பையும் தசையையும் இணைக்கும் இடத்தைத் தாக்கி மூச்சை நிறுத்துவது. கட்டியிருக்கும்வரை நோயாளி நன்றாக இருப்பது போலத் தோன்றும். யாரோ ஒருவர் வழியில் இரக்கப்பட்டுக் கட்டை அறுப்பார். அப்போது என்ன நடக்கும் என்பதை நம் நூல் சோதனையே சொல்லிவிட்டது. பழைய ஓட்டம் அல்ல, பல மடங்கு ஓட்டம் காலுக்குள் பாயும். தேங்கிய நஞ்சையும் அமிலத்தையும் பொட்டாசியத்தையும் ஒருசேர வாரிக்கொண்டு மேலே போகும். சில நிமிடங்களில் இமை தொங்கும், மூச்சுத் திணறும், இரத்த அழுத்தம் சரியும்.

ஆகவேதான் இந்திய மருத்துவ நெறிமுறைகள் கட்டுப் போடவே வேண்டாம் என்கின்றன. கடிபட்டவரை நடக்கவிடாமல், எலும்பு முறிந்த காலுக்குச் செய்வது போலக் கட்டையோ அட்டையோ வைத்துத் தளர்வாகக் கட்டி, அசையாமல் எடுத்துச் செல்ல வேண்டும். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் உடனே கழற்ற வேண்டும். கால் வீங்கிய பிறகு மெட்டியும் ஒரு கயிறுதான். கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம். 108க்குச் சொல்லிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான்; பாம்பைத் தேடி அடித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியமில்லை. அம்மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சை, 1978 முதல் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தருகிறார்கள்.

ஏற்கெனவே யாராவது இறுக்கிக் கட்டிவிட்டிருந்தால், வழியில் அவிழ்க்க வேண்டாம். கட்டிய நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் முதலில் நஞ்சுமுறி மருந்தை ஏற்றத் தொடங்குவார்கள். மூச்சுக்கு உதவும் கருவி பக்கத்தில் இருக்கும். கட்டுக்குக் கீழே நாடி இல்லையென்றால், கட்டுக்கு மேலே இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, தமனியை மூடிவிட்டுக் கயிற்றை அறுப்பார்கள். பிறகு காற்றைச் சிறிது சிறிதாகத் திறந்துவிடுவார்கள்: சற்றுத் திறப்பது, நோயாளியின் முகத்தையும் மூச்சையும் நாடியையும் பார்ப்பது, மறுபடி சற்றுத் திறப்பது. திருகைச் சட்டென்று திறந்துவிடாமல் மருத்துவர் ஏன் இவ்வளவு நிதானமாக இருக்கிறார் என்று கட்டிலைச் சுற்றி நிற்கும் உறவினர்கள் பதறுவதுண்டு. முதல் சில நிமிடங்களில் பாயக்கூடிய அந்தப் பத்து மடங்கு ஓட்டத்தைத்தான் அவர் விரல் நுனியில் பிடித்து வைத்திருக்கிறார்.